ஒன்பதாம் வீட்டின் இரண்டு கதவுகள்

1

இந்தக் கதை முதலில் ஒரு மேடைப் பேச்சாகத்தான் இருந்தது. அதுவும் என் பேச்சு அல்ல. எங்கள் தெருவில் பதினோராம் எண் வீட்டில் இருக்கும் கிரிட் பேச வேண்டிய பேச்சு. எழுதித் தருகிறேன் என்று நான் ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது.

நவம்பர் முதல் வாரம். ஒரு தட்டு பிளம் கேக்கோடு வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் என் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தடத்துல கடைசி வளைவுக்கு என் பேரை வைக்கப் போறாங்களாம்" என்றாள், பல் பிடுங்கத் தேதி கொடுத்துவிட்டார்கள் என்பதைப் போல.

"நல்ல விஷயந்தானே!"

"நல்ல விஷயந்தான். பலகையைத் திறந்ததும் பத்து நிமிஷம் பேசணுமாம். எனக்கு அம்பத்தஞ்சு செகண்டுக்கு மேல எதையும் செஞ்சு பழக்கமில்ல. நீ எழுதிக் குடு."

"நான் குடும்பக் கதை எழுதுறவ, கிரிட். அதுவும் தமிழ்ல."

"அதான் வேணும். பத்திரிகைக்காரன் எழுதினா வெறும் நம்பரா இருக்கும். நீ மனுஷங்களைப் பத்தி எழுதுவே. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், கடைசியில கல்யாணம் கில்யாணம் வச்சிடாதே."

சிரித்தோம். இந்த மாதத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு முறைதான்.

உங்களுக்கு அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிரிட் ஹோல்ஸாப்ஃபெல், வயது நாற்பத்தொன்பது. பனி உறைந்த தடத்தில் சறுக்கி இறங்கும், பெண்கள் இருவர் ஓட்டும் பாப் வண்டியில் இரண்டு முறை உலகப் பட்டம் வென்றவள். துரிங்கியக் காட்டு மலைமேல் இருக்கும் எங்கள் சிற்றூரில் எல்லார் வீட்டிலும் அவள் படம் ஒன்று இருக்கும், குறைந்தபட்சம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில். இப்போது அதே தடத்தில் ஐஸ் போடும் குழுவில் வேலை பார்க்கிறாள். அக்டோபர் தொடங்கினால் குழாயும் கையுமாக, கான்கிரீட் வாய்க்காலில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஒரு விரல் கனத்துக்குப் பனி ஏற்றுவாள். தான் ஜெயித்த பாதையைத் தானே பூசிக்கொண்டிருக்கும் ஒரு சாம்பியன். கதைக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன்.

2

பேச்சுக்கு நான் எழுதிய தொடக்கங்கள் இவை. அடித்ததையும் சேர்த்தே தருகிறேன்.

முதல் தொடக்கம்: "அன்புள்ள ஊர்க்காரர்களே, எனக்கு எட்டு வயதாக இருந்தபோது பள்ளிக்கு வந்த அதிகாரிகள் நாடாவால் என் கைகளை அளந்து, இந்தப் பெண்ணுக்குத் தோள் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு"

[நிறுத்தினேன். அளந்தது, சுவர் இடிந்ததோடு மறைந்துபோன பழைய கிழக்கு அரசாங்கம். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அதன்மேல் கோபம், மீதிப் பேருக்கு ஏக்கம். பெயர்ப் பலகை திறப்பதற்குள் அடிதடி ஆகிவிடும்.]

இரண்டாம் தொடக்கம்: "இந்தக் கடைசி வளைவுதான் எனக்கு எல்லாவற்றையும் கொடுத்தது."

[பொய். இந்த வளைவுக்கு முன்னால்தான் அவள் மூன்றாவது பட்டத்தை இழந்தாள். ஊர் முழுக்க அறியும்.]

மூன்றாம் தொடக்கம்: "வண்டியை ஓட்டியவள் நான். ஆனால் அதைத் தள்ளி, எனக்குப் பின்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தவள்"

இது எனக்குப் பிடித்திருந்தது. எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கிரிட் படித்தாள். மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து, அழுத்தி, காகிதம் கிழிகிற அளவுக்கு அந்த வரியை அடித்தாள்.

"அவ பேச்சு வேண்டாம்."

"பேரே போடலையே."

"பேரு போடாட்டியும் எல்லாருக்கும் தெரியும். எடுத்துடு."

ஒரு கதையில் யாரைக் குறிப்பிட வேண்டாம் என்கிறார்களோ அவர்தான் கதை. இருபது வருடமாக எழுதுகிறவளுக்கு இதுகூடவா தெரியாது? தெரியும். தெரிந்தும் "சரி" என்று வந்துவிட்டேன்.

3

அவள் பெயர் ஆன்னெட். எங்கள் தெருவில் மூன்றாம் எண் வீடு.

இருவர் பாப் வண்டியில் முன்னால் உட்காருகிறவள் ஓட்டுநர். பின்னால் இருப்பவள் பிரேக்காரி. தொடக்கத்தில் இருவரும் ஐம்பது மீட்டர் உயிரைக் கொடுத்துத் தள்ளிவிட்டுத் தாவி ஏறுவார்கள். ஏறியதும் பிரேக்காரி தலையை முழங்காலுக்கு நடுவில் புதைத்துக்கொள்வாள். கீழே போய் முடிவுக்கோட்டைத் தாண்டிய பிறகு பிரேக்கை இழுப்பது அவள் வேலை. ஒன்பது வருடம் கிரிட்டுக்குப் பின்னால் உட்கார்ந்த ஆன்னெட், ஓட்டத்தின்போது தடத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தன் முழங்கால், எஃகு அதிரும் சத்தம், ஒவ்வொரு வளைவிலும் கழுத்தை அமுக்கும் பாரம்.

எனவே எண்ண வேண்டும். எங்கள் தடத்தில் பதினைந்து வளைவுகள். பிரேக்காரிகள் ஆளுக்கொரு விதமாக எண்ணுவார்கள். ஆன்னெட் எண்ணியது வீடுகளை.

எங்கள் தெருவில் வீடுகளும் பதினைந்து. ஒரே வரிசை, எதிர்ப்பக்கம் காடு. ஒவ்வொரு வளைவிலும் கழுத்து அமுங்கும்போது ஆன்னெட் மனதுக்குள் ஒரு கதவைத் தட்டுவாள். ஒன்றாம் வீடு, பாதிரியார். இரண்டு, ரொட்டிக்கடை முல்லரின் அக்கா. மூன்று, அவள் வீடு. இப்படியே மேலே ஏறி, ஒன்பதில் ஓய்வுபெற்ற தபால்காரர் ரோடர், பதினொன்றில் கிரிட், பதினைந்தில் மரம் வெட்டும் குடும்பம். பதினைந்தாம் கதவு திறந்ததும் பிரேக்.

"எங்க தெருவுல நான் ஏறிப் போனா, மலையில வண்டி இறங்கிப் போகும்" என்று அவள் ஒரு விருந்தில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது அவள் கிரிட்டின் தம்பி ஃபால்க்கின் மனைவி. ஃபால்க்தான் வண்டிக்கு அடியில் பனியில் வழுக்கும் எஃகுச் சட்டங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவன். அக்கா ஓட்ட, மனைவி பிரேக் போட, தம்பி சட்டம் தேய்க்க, ஒரே குடும்பத்தின் வண்டி.

"ஏன்டீ, நீ என் முதுகைத் தவிர எதையாச்சும் பாத்திருக்கியா?" என்று கிரிட் அவளைச் சீண்டுவாள்.

"உன் முதுகு எங்க பாத்தேன்? என் முழங்காலைத்தான் பாத்தேன். உன் முதுகை விட அழகா இருக்கும்."

(ஒரு சிறு குறிப்பு: ரோடர் காலமான பிறகு அந்த ஒன்பதாம் எண் வீட்டை வாங்கியது நாங்கள். இந்தக் கதையை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.)

4

பதினான்கு வருடங்களுக்கு முன், பிப்ரவரி. உலகப் போட்டி எங்கள் ஊர்த் தடத்திலேயே நடந்தது. நானும் போயிருந்தேன். பதினான்காவது வளைவுக்கும் பதினைந்தாவதுக்கும் இடையில், மரவேலியை ஒட்டி, கையில் சாஸேஜ் ரொட்டியோடு நின்றேன். என் இடப்பக்கம் ரொட்டிக்கடை முல்லர்.

நான்கு ஓட்டங்கள், நான்கின் மொத்த நேரம்தான் கணக்கு. மூன்று முடிந்தபோது கிரிட்டும் ஆன்னெட்டும் நூறில் இருபத்தேழு பங்கு நொடி முன்னால் இருந்தார்கள். இந்த விளையாட்டில் அது ஒரு வயலளவு இடைவெளி. நான்காவது ஓட்டமும் நன்றாகவே தொடங்கியது. ஒலிபெருக்கி ஒவ்வொரு நேரத்தையும் கத்திச் சொல்ல, முல்லர் உற்சாகப்படுத்தக் கொண்டுவந்த மாட்டுமணியை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

வண்டி பதினான்காவது வளைவிலிருந்து வெளியே பாய்ந்தது. பாய்ந்த நொடியில் எங்கள் கண்ணெதிரே பின்னாலிருந்து வெள்ளைத் தூள் பீறிட்டது. பிரேக்கின் இரும்புப் பற்கள் பனியைக் கிழித்தன. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கும் மேலாகக் கிரிட்டின் குரல்:

"விடுடீ! விடு!"

விட்டாள். அதற்குள் தாமதமாகிவிட்டது. வண்டி கடைசி வளைவில் தளர்ந்து ஏறி இறங்கியது. நூறில் நான்கு பங்கு நொடியில் தங்கம் போயிற்று.

முல்லரின் மணி நின்றது. அவர் குனிந்து, வேலிக்கு அப்பால் பனியில் விழுந்திருந்த கீறலைப் பார்த்தார். ஒரு ஆள் நீளத்துக்கு மேல் இருக்கும்.

"இழுத்துட்டா. வேணும்னே இழுத்துட்டா பாவி" என்றார்.

5

ஏன் அப்படிச் சொன்னார்?

போட்டிக்கு மூன்று நாள் முன்னால் மாவட்டப் பத்திரிகையில் கிரிட்டின் பேட்டி வந்திருந்தது. அடுத்த ஆண்டு எர்ஃபுர்ட் நகரிலிருந்து ஓர் இளம் ஓட்டக்காரியைப் பின்னால் உட்கார வைக்கப் போவதாகவும், "ஆன்னெட்டுக்கு வயசாகுது" என்றும் சொல்லியிருந்தாள். ஆன்னெட்டுக்கு அப்போது முப்பத்திரண்டு.

ஊருக்கு அது போதும். கழற்றிவிடப் போகிறாள் என்று தெரிந்ததும் பிரேக்காரி பழி வாங்கிவிட்டாள். இரண்டும் இரண்டும் நான்கு.

போட்டி முடிந்து சங்கம் நடத்திய விசாரணையில் ஆன்னெட் சொன்னது இதுதான்: "ஒன்பதாம் வீட்டுல ரெண்டு கதவு இருந்துச்சு. ரெண்டு ரோடர் வந்து திறந்தாங்க. நான் ரெண்டா எண்ணிட்டேன்."

அறையில் சிரிப்பு கிளம்பியது. அப்போது உயிரோடிருந்த ரோடரே மதுக்கடையில், "நான் ஒருத்தன் இருக்கறதே என் பொண்டாட்டிக்குத் தாங்கல, இதுல ரெண்டாம் ரோடர் எங்கேர்ந்து வந்தான்?" என்று கேட்டு ஊரைச் சிரிக்க வைத்தார். வசந்தத்தில் ஃபால்க் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆஸ்திரியாவுக்குப் போனான். அக்காவின் தங்கத்தைப் பறித்தவளோடு ஒரே மேசையில் சாப்பிட முடியாது என்றானாம்.

அன்றிலிருந்து அவள் வெறும் ஆன்னெட் அல்ல. பிரேக் ஆன்னெட். ரொட்டிக்கடை வரிசையில் அவள் நின்றால் யாராவது, "மெதுவா, மெதுவா, முன்னாடியே நிறுத்திடுவாங்க" என்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு வருடம் முன்பு ஒரு நாவல் எழுதினேன். கோயம்புத்தூரில் இரண்டு தோழிகள்; ஒருத்திக்குக் கல்யாண வாழ்வு கூடிவரும் நேரத்தில் மற்றவள் பொறாமையில் அதைக் கலைத்துவிடுகிறாள். அந்தப் பொறாமைக்காரிக்கு ஆன்னெட்டின் சிரிப்பையும், குனிந்த கழுத்தையும், கண்வரை இழுத்துவிட்ட தொப்பியையும் கொடுத்திருந்தேன். வாசகிகள் அவளைத் திட்டிக் கடிதம் எழுதினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவள் ஏன் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருக்கிறாள் என்று நான் கேட்கவே இல்லை.

7

இரண்டாம் வரைவை எடுத்துக்கொண்டு கிரிட் வீட்டுக்குப் போனது போன செவ்வாய்க்கிழமை மதியம். ஆன்னெட்டின் பெயரே இல்லாமல், பத்து நிமிடத்துக்கு மிகச் சரியாக, ஒரு பொய்கூட இல்லாமல் எழுதியிருந்தேன். அவ்வளவு பெரிய பொய்யை நான் அதற்கு முன் எழுதியதில்லை.

கிரிட் படித்தாள். "நல்லா இருக்கு" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

இந்த ஊர் ஓட்டுநர்கள் எல்லாரும் செய்வதுதான். ஓட்டத்துக்கு முன்னால் கண்ணை மூடி, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, முழுத்தடத்தையும் மனதில் ஓட்டிப் பார்ப்பார்கள். கை இடது வலதாக அசையும். நல்ல ஓட்டுநர் மனதில் ஓட்டும் நேரமும் நிஜ நேரமும் ஒரு நொடிகூட வித்தியாசப்படாது. கிரிட்டின் விரல்களில் தண்ணீர்க் குழாய் பிடித்த வெடிப்புகள். அந்தக் கைகள் மேசைமேல் அசைந்தன. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு.

கைகள் நின்றன.

"பாத்தியா?" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "பதினாலு வருஷமா இங்கதான் நிக்குது. கடைசி வளைவுக்குள்ள போகவே மாட்டேங்குது. அதுக்குப் போய் என் பேரை வைக்கிறானுங்க."

பிறகு சொன்னாள். அவள் சொன்னதை என் வாக்கியங்களில் நான் சொல்கிறேன். அவள் வாக்கியங்கள் பாதியில் நின்றுகொண்டே இருந்தன.

போட்டிக்கு எட்டு நாள் முன்னால், தெற்கே வேறொரு தடத்தில் பயிற்சி. வண்டி கவிழ்ந்தது. கவிழ்வது புதிதல்ல. ஆனால் அன்று ஆன்னெட்டின் ஹெல்மெட் நூற்றைம்பது மீட்டர் பனியில் உரசிக்கொண்டே போயிற்று. கீழே மருத்துவர், "சரியா இருக்கீங்களா?" என்று கேட்டார். இருவரும் கட்டைவிரலைக் காட்டினார்கள்.

ஃபால்க் முன்னதாகவே ஊர் திரும்பியிருந்தான். வேனை ஓட்டியது கிரிட், பக்கத்தில் ஆன்னெட். ஏழு மணி நேரப் பயணம். முதல் மணியில் ஆன்னெட் வாந்தி எடுத்தாள். கிரிட் வண்டியை ஓரங்கட்டி, தன் சட்டையால் அவள் வாயைத் துடைத்தாள். "நாம ஜெயிச்சோமா?" என்று ஆன்னெட் கேட்டாள். "பயிற்சிடீ, லூசு" என்றாள் கிரிட். கால் மணி கழித்து அதே கேள்வி. பிறகு மீண்டும். நான்காவது தடவை கேட்டபோது கிரிட் வானொலியை அணைத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"கிரிட், எதுத்தாப்ல ரெண்டு லாரி வருது. ஒதுங்கு."

எதிரே ஒரு லாரிதான் வந்தது.

கிரிட்டுக்குத் தெரியும். தலையில் அடிபட்டு இரண்டாகத் தெரிகிறது என்றால் மருத்துவர் உட்கார விடமாட்டார். ஆன்னெட் இல்லாவிட்டால் எர்ஃபுர்ட் பெண்; அவளோடு ஒரு தடவைகூடத் தள்ளிப் பழகவில்லை. சொந்த ஊர்த் தடம். மூன்றாவது பட்டம். முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு அப்படி ஒன்று வராது.

"யார் கேட்டாலும் தலைவலி மட்டுந்தான்னு சொல்லு" என்றாள். "எட்டே நாள். அப்புறம் வருஷம் பூரா படுத்துக்கோ. நான் பாத்துக்கறேன்."

"சரி" என்றாள் ஆன்னெட். எப்போதும் அப்படித்தான் சொல்வாள். ஒன்பது வருடம் தலையைக் குனிந்து உட்கார்ந்தவள்.

8

"அப்போ அந்தப் பேட்டி?" என்று கேட்டேன்.

"அடுத்த வருஷம் அவ ஓடக் கூடாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு. காரணத்தைச் சொல்ல முடியாது. அதான் வயசைச் சொன்னேன்." கிரிட் மேசைவிரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "நல்லது பண்றோம்னு நெனச்சேன். ஊர்க்காரங்க கையில கயித்தைக் குடுத்தது நான்தான்."

"விசாரணையில அவளே வேன்ல நடந்ததைச் சொல்லியிருக்கலாமே?"

கிரிட் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன். [அவள் கண்கள் குளம்போல... இல்லை. அவள் பார்வையில் ஒரு... இல்லை.] பார்த்தாள், அவ்வளவுதான்.

"அவளுக்கு ஞாபகம் இல்ல" என்றாள். "வேன், வாந்தி, லாரி எதுவும் இல்ல. அந்த எட்டு நாள்ல பாதி அவகிட்ட இல்ல. வண்டி கவிழ்ந்ததே மத்தவங்க சொல்லித்தான் தெரியும். ரெண்டு ரோடர்னு அவ சொன்னப்ப அந்த அறையில எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் புரிஞ்சுது. 'உடம்புக்கு எதாச்சும் இருந்துச்சா'ன்னு அதிகாரி என்னையும் கேட்டார். இல்லைன்னுட்டேன். மறுநாள் சொல்லலாம்னு நெனச்சேன். மறுநாள் சொன்னா, நேத்து ஏன் சொல்லலைன்னு கேப்பாங்க. அப்படியே ஒவ்வொரு நாளா..."

நான் வீட்டுக்கு வந்து வெகுநேரம் கோட்டைக் கழற்றாமல் நின்றேன். எனக்கு வேறொரு பேச்சு நினைவுக்கு வந்தது. போன குளிர்காலத்தில் ரொட்டிக்கடையில், காபி மேசையில் ஆன்னெட் என் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஓய்வு இல்லத்தின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. விரிப்புகளை மடிக்கும்போது எண்ணிக்கை நழுவிப்போகிறதாம். சுவரில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொள்கிறாளாம். அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, சட்டென்று கேட்டாள்:

"நீங்க கதை எழுதுறவங்க, மனசெல்லாம் தெரிஞ்சவங்க. ஒருத்தி தனக்கே தெரியாம ஒரு கெட்ட காரியம் பண்ண முடியுமா?"

"ஏன் கேக்குறீங்க?"

"ரெண்டு கதவு தெரிஞ்சுதுங்கறது நெசம். ஆனா ஏன் தெரியணும்? ஊர் சொல்ற மாதிரி, உள்ளுக்குள்ள எனக்கு அவ மேல அவ்ளோ கோவம் இருந்துச்சோ என்னவோ. நானே வேணும்னு ரெண்டாவது கதவை வச்சேனோ என்னவோ." தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள். "பதினாலு வருஷமா இதையேதான் யோசிக்கிறேன். ஒரு பதில் தெரிஞ்சா போதும். நான் கெட்டவதான்னு தெரிஞ்சாக்கூடப் போதும்."

அன்று நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்னவென்று நினைவில்லை. பதில் தெரியாதவர்கள் சொல்லும் ஆறுதல்.

9

நாளை சனிக்கிழமை. பதினோரு மணிக்குப் பலகை திறப்பு. கிரிட்டுக்கு நான் இரண்டு பேச்சுகள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளைத் தாளில் ஒன்று, ஆன்னெட் இல்லாதது. மஞ்சள் தாளில் இன்னொன்று, வேனும் லாரியும் உள்ளது. இரண்டையும் வாங்கிக் கோட்டின் இரண்டு பைகளிலும் போட்டுக்கொண்டாள். எதைப் படிப்பாள் என்று சொல்லவில்லை.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒரு முடிவில் அவள் மஞ்சள் தாளைப் படிக்கிறாள். கூட்டம் உறைகிறது. ஆன்னெட் முன்வரிசைக்கு வருகிறாள், இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். [என் பழைய வாசகிகளுக்குப் பிடிக்கும். எனக்கே பிடிக்கும். ஆனால் பதினான்கு வருடத்தையும் கணவனையும் இழந்த பிறகு ஒருத்தி ஏன் கட்டிக்கொள்ள வேண்டும்?]

இன்னொன்றில் அதே மஞ்சள் தாள். ஆன்னெட் கேட்கிறாள், திரும்பி நடக்கிறாள், வீட்டுக்குப் போய் முதன்முறையாகக் கத்தி அழுகிறாள். மறுநாள் பலகையை யாரோ கழற்றிவிடுகிறார்கள். முல்லர் ரொட்டிக்கடையில், "எனக்கு அப்பவே தெரியும்" என்கிறார். [முல்லரைப் பொறுத்தவரை இது நிச்சயம் நடக்கும்.]

மூன்றாவதில் வெள்ளைத் தாள். கைதட்டல். சூடான ஒயின். எல்லாரும் வீட்டுக்குப் போகிறார்கள். ஆன்னெட் விரிப்புகளை மடித்துச் சுவரில் கோடு போடுகிறாள். [இதை எழுத எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நடக்க மிக எளிதானது இதுதான்.]

நான்காவது முடிவில் கிரிட் எதையும் படிக்காமல், மைக் முன்னால் கண்ணை மூடிக் கையை நீட்டுகிறாள். ஊரே புரிந்துகொண்டு அமைதியாகிறது. கைகள் பதினான்கு வரை

10

அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. கிரிட்டின் கை போகாத இடத்துக்கு என் பேனா மட்டும் எப்படிப் போகும் என்று நின்றுவிட்டேன்.

இப்போது வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. வெளியே ஏற்கெனவே மங்கிவிட்டது. எழுதியதை முதலிலிருந்து படித்துப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன.

ஒன்று, எண்கள். ஐந்துக்குப் பிறகு ஏழு என்று போட்டிருக்கிறேன். எந்தப் பகுதியையும் கிழித்துப் போடவில்லை. ஐந்தாம் பகுதியை எழுதி முடித்ததும் அதையே இரண்டாக எண்ணிவிட்டேன் போலிருக்கிறது. என் தலையில் யாரும் அடிக்கவில்லை. சூடான அறை, வெளிச்சமான மேசை, கையில் பேனா. அப்படியும் தவறிற்று. திருத்த மனம் வரவில்லை. மேலே பத்து என்று இருந்தாலும் எண்ணிப் பாருங்கள், இது ஒன்பதாவது.

இன்னொன்று இதைவிட மோசம். இந்த உண்மையை உங்களிடம் முழுதாகச் சொல்லிவிட்டேன். தமிழில். இந்த ஊரில் ஒருவருக்கும் புரியாத மொழியில், ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்களிடம். அதனால் கிரிட்டுக்கு ஒரு கீறலும் விழாது. ஆன்னெட்டுக்கு ஒரு பதிலும் கிடைக்காது. தைரியமாகச் சொல்லிவிட்டதாகக் கொஞ்சநேரம் நினைத்துக்கொண்டுகூட இருந்தேன். யாருக்குத் தெரிய வேண்டுமோ அவளைத் தவிர எல்லாரிடமும் சொல்வதற்குப் பெயர் மௌனம்தான். கிரிட்டாவது அதைச் சிரமப்பட்டுச் செய்தாள்.

நாளை அவள் எந்தத் தாளை எடுப்பாள் என்று கேட்டு உங்களிடம் முடிவை ஒப்படைத்துவிட்டு நழுவலாம் என்றுதான் திட்டம். எனக்கு முன்னால் பலர் செய்திருக்கிறார்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்து, ஆன்னெட் தேடும் பதில் தெரிந்தவர்கள் இந்தத் தெருவில் இரண்டு பேர்.

ஜன்னல் வழியே தெரு தெரிகிறது. கீழேயிருந்து ஒருத்தி ஏறி வருகிறாள். கண்வரை இழுத்துவிட்ட தொப்பி. கையில் துணி மூடிய தட்டு. வெள்ளிக்கிழமைகளில் ஓய்வு இல்லத்தில் மிஞ்சும் ஆப்பிள் கேக்கை அவள் தெருவில் பகிர்ந்து தருவது வழக்கம். ஒவ்வொரு வீட்டைத் தாண்டும்போதும் அவள் உதடு அசைகிறது. ஆறு. ஏழு. எட்டு.

நாளைய விழாவைப் பற்றிக் கேட்பாள். "என்னைப் பத்தி எதாச்சும் சொல்லுவாளா?" என்று, சிரித்துக்கொண்டே, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். அதற்கு நான்

மணி அடிக்கிறது.

எழுந்திருக்கிறேன். பேனாவை மூடவில்லை. இந்த வீட்டுக்குக் கதவு ஒன்றுதான்.